எழுத்தில் வரும் சிட்டை ஏற்கப்படாது

தென்காசி,
14.4.2020

சிவமயம்

தங்கை குழல்வாய்மொழிக்கு அண்ணன் சிவசைலம் ஆசீர்வதித்து எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளை உமாசங்கரும் குற்றாலத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தைப் பார்த்து நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பதினோரு வருடத்துக்கு முன் உன் மகள் ஸ்ரீமதியின் கல்யாணத்தில், தாய்மாமன் நான் வந்து சேர்வதற்குள் உன் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் கையால் மாமன் மாலையைப் போட வைத்தீர்கள். நான் பத்து நிமிடம் பிந்தியதற்குக் காரணம், சாவு விழுந்த ஒரு துஷ்டி வீட்டுக்கு அவசரமாகச் சாமான் எடுத்துக் கொடுத்தது. இனி உன்னோடு பேசமாட்டேன் என்று மண்டபத்து வாசலில் வைத்துச் சொன்னேன். இன்று வரை பேசவில்லை. எழுதுவது பேச்சில் சேராது.

லோடு ஆட்டோ கிதிர் முகம்மதுவிடம் நீ சொல்லி அனுப்பியது வந்தது. "அண்ணாச்சி, எல்லாக் கடையிலயும் வாட்ஸப்புல ஆர்டர் எடுக்காவளாம். நீங்க மட்டும் ஏன் எடுக்கலன்னு தங்கச்சி கேக்காக" என்றார்.

பதில் இதுதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து சூப்பர் மார்க்கெட்காரன் எடுக்கட்டும். தெருவெல்லாம் தடுப்பு வைத்து, பகல் ஒரு மணிக்குக் கடையை மூடச் சொன்னாலும் என் மளிகை வியாபாரம் என் முறையில்தான் நடக்கும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். மிச்சப் படிப்பு பொட்டலம் கட்ட வந்த பேப்பரில் படித்தது. நாற்பத்தாறு வருடமாக இந்த ஊர்க்காரர்கள் கையால் எழுதிய சாமான் சிட்டையைப் பார்த்திருக்கிறேன். சிட்டையைப் பார்த்தால் அந்த வீட்டில் யார் வந்திருக்கிறார், யாருக்குக் காய்ச்சல், எந்த மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். போனில் இது நடக்காது.

உனக்கு வேண்டியதை வழக்கம்போல் எழுதி கிதிர் முகம்மதுவிடம் கொடுத்துவிடு.

என்றும் உன் நன்மையை விரும்பும்,
சிவசைலம்

குற்றாலம்,
19.4.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

குழல்வாய்மொழி வணக்கத்துடன் எழுதுகிறேன். நானும் உங்கள் மாப்பிள்ளை அவர்களும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதை நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கிதிர் அண்ணனிடம் இரண்டு தடவை கேட்டேன், யாருக்கோ போக வேண்டியதை என்னிடம் தந்துவிட்டாரா என்று. "தங்கச்சி, ஒன் பேருதான் எழுதியிருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று கோபித்துக்கொண்டார்.

எங்கள் லாட்ஜின் எட்டு அறைகளும் பூட்டிக் கிடக்கின்றன. அருவிப் பக்கம் யாரையும் விடுவதில்லை. எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். சீசன் வருமா என்று கேட்பதற்குக்கூட தெருவில் ஆள் இல்லை.

சிட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து எங்கள் வீட்டு ஜாதகத்தைக் கணித்து அனுப்புங்கள்.

உங்கள் மகன் விஜயசங்கர் பெங்களூரிலிருந்து பேசினான். அப்பா தனியாக இருக்கிறார் என்று ரொம்பக் கவலைப்படுகிறான். என்னவென்று அவனே உங்களிடம் சொல்லியிருப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் தங்கை,
குழல்வாய்மொழி

தென்காசி,
5.5.2020

சிவமயம்

தங்கைக்கு, நலம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

உன் சிட்டை கண்டேன். காப்பிப் பொடி வழக்கத்தில் பாதி, ஓமம் நூறு கிராம், மோர் மிளகாய் வேண்டாம் என்று அடித்திருக்கிறாய். மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை. இது சரியா தவறா என்று எழுது.

இங்கே நடந்ததைக் கேள். நம் பால்வண்ணநாதன் வாத்தியார், முப்பது வருட வாடிக்கை. ஒரு மாதமாகச் சிட்டை வரவில்லையே, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று வீட்டுக்கே போனேன். வாசலில் சூப்பர் மார்க்கெட் பை இரண்டு தொங்குகிறது.

"என்னவே வாத்தியாரே, இது என்ன புதுப் பழக்கம்?" என்றேன்.

"சிவசைலம், கோவிச்சுக்கிடாதீரும். வெளிய போனா போலீசு விரட்டுதான். அவன் போன்ல கேட்டு வீட்டுல கொண்டு வந்து வைக்கான். நீரும் அப்படிச் செஞ்சா ஒம்ம கடைதானவே எனக்கு?" என்றார்.

"கடைக்கு நீரு வரணும். கடை ஒம்மைத் தேடி வராது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் மட்டும் இல்லை. ரத வீதியில் பாதி வீடு போய்விட்டது. காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்தால் ஒரு மணிக்குள் ஏழெட்டு பேர் வந்தால் அதிகம்.

விஜயசங்கர் சொன்னது உனக்கும் தெரியும் என்று அறிந்தேன். ஐப்பசிக்குள் கடையை எடுத்துவிட்டு பெங்களூருக்கு வந்துவிட வேண்டுமாம். ஏழாவது மாடியில் எனக்கு ஒரு அறை ஒதுக்கியிருக்கிறானாம். உன் மதினி உயிரோடு இருந்தாலாவது அவளோடு சண்டை போட்டுக்கொண்டு பொழுதைப் போக்கலாம். அங்கே நான் யாருக்கு என்ன எடை போடுவது? கடை போனால் நானும் முடிந்தேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

சிவசைலம்

குற்றாலம்,
30.5.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அவர்களுக்கு வயிறுதான் சரியில்லாமல் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். இப்போது தேவலை.

கொஞ்ச நாளாக எழுத நேரமில்லை. சிட்டை மட்டும் அனுப்புகிறேன். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு. கால் கிலோ கால் கிலோவாகப் போதும். அரிசி இந்தத் தடவை வேண்டாம். கிதிர் அண்ணன் உள்ளே வர வேண்டாம், சாமானை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

குழல்வாய்மொழி

தென்காசி,
9.6.2020

சிவமயம்

குழல்வாய்மொழிக்கு,

என் நலத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. உன் நலத்தை நான் நேரிலேயே பார்த்துவிட்டேன்.

உன் சிட்டையைப் படித்த யாரும் என்ன நினைப்பார்கள்? சுக்கு, திப்பிலி, சித்தரத்தை. அரிசி வேண்டாம். ஆள் உள்ளே வரக்கூடாது. கடிதம் நான்கு வரி. இங்கே பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று தகரம் வைத்து வாசலை அடைத்துவிட்டார்கள். அந்தப் பயத்தில் நீ மறைக்கிறாய், இரண்டு பேரும் படுத்துக் கிடக்கிறீர்கள் என்று முடிவு செய்தேன். மருந்துக் கடையில் சொல்லி, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். நொச்சித் தழை ஒரு கட்டு பறித்தேன். கடையைப் பத்து மணிக்கே சாத்தினேன். பகலில் அப்படிச் சாத்தியது உன் மதினி போன அன்றுதான்.

கிதிர் முகம்மது ஆட்டோவில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். "அண்ணாச்சி, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த போன்ல கேட்டுட்டுப் போவமே" என்று வழியெல்லாம் சொன்னார். "பேச மாட்டேன்னு சொன்னவன் போன்ல மட்டும் பேசுவேனாவே?" என்றேன்.

பதினோரு வருடம் கழித்து உன் வாசலுக்கு வந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தால், லாட்ஜ் வராந்தாவில் நீ தலையில் துணி கட்டி, கையுறை போட்டு, பொடி நிறைத்துக்கொண்டிருக்கிறாய். மாப்பிள்ளை ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று பொட்டலத்தைப் போட்டோ எடுக்கிறார். "கொஞ்சம் சரிச்சு வையி, பேரு தெரியல" என்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள்.

நொச்சியைக் கேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

என் கடைச் சரக்கை வாங்கி இடித்து, ஊருக்கெல்லாம் விற்கிறாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு மாமன் மாலை விஷயத்திலும் அப்படித்தான்.

சிவசைலம்

குற்றாலம்,
13.6.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கோபம் சரிதான். ஆனால் முழுக்க இல்லை.

லாட்ஜில் நாற்பது வருடமாக வந்து தங்கியவர்கள் பேர் எழுதிய ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. மதுரை, சிவகாசி, நாகர்கோவில், கொல்லம். பூட்டிய லாட்ஜில் உட்கார்ந்து ஒருநாள் அவற்றைப் புரட்டினேன். கடைசி ஏழெட்டு வருடத்துப் பக்கங்களில் எல்லார் செல் நம்பரும் இருந்தது. ஸ்ரீமதி போனிலேயே சொல்லித் தந்தாள். நானும் இவர்களும் மூன்று நாள் உட்கார்ந்து நம்பரை ஏற்றினோம். 'இந்த வருடம் நீங்கள் குற்றாலம் வர முடியாது. எட்டாம் நம்பர் அறையில் தங்கினால் காலையில் தருவோமே, அந்தச் சுக்குக் காப்பிப் பொடியை அனுப்பட்டுமா?' என்று அவரவர் தங்கிய அறை நம்பரைப் போட்டு எழுதினேன். முதல் நாளே முப்பத்திரண்டு பேர் அனுப்பச் சொன்னார்கள். தபாலில் போகிறது. சாப்பிடும் பொருள் என்பதால்தான் வெளி ஆளை உள்ளே விடவில்லை.

கால் கிலோ கால் கிலோவாகக் கேட்டது, நடக்குமோ நடக்காதோ என்ற பயத்தில். உங்களிடம் சொல்லாதது இன்னொரு பயத்தில். 'லாட்ஜ்காரி பொடி விக்கப் போயிட்டாளா?' என்று ஒரு வார்த்தை நீங்கள் எழுதியிருந்தால் அத்தோடு விட்டிருப்பேன்.

நீங்கள் கேட்டில் நின்றதை நான் பார்த்தேன். கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தேன். பேசமாட்டேன் என்று சொன்ன மனுஷன், நான் கூப்பிட்டும் பதில் சொல்லாமல் போய்விட்டால் அதை எங்கே கொண்டு வைப்பது? கூப்பிடவில்லை.

இன்னொன்று. சிட்டையைப் பார்த்து எல்லாம் சொல்லுவேன் என்றீர்கள். என் குரலை ஒரு தடவை கேட்டிருந்தால், சளியா காய்ச்சலா சும்மாவா என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருக்குமே அண்ணே.

நொச்சித் தழை வீணாகவில்லை. அவர்கள் ஆவி பிடித்தார்கள்.

குழல்வாய்மொழி

குற்றாலம்,
22.7.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. சாமான் வருகிறது, கடிதம் வரவில்லை. கிதிர் அண்ணனிடம் கேட்டால் "அவுக நல்லாத்தான் இருக்காக" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நேற்று விஜயசங்கர் பேசினான். கடையை எடுத்து நடத்த வேறு ஆள் பார்த்துவிட்டானாம். அப்பா மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை என்றான். நீங்கள் மறுப்பு சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என்மேல் உள்ள கோபத்தில் கடையை விட்டுவிடாதீர்கள். பொடி விஷயத்தில் நான் செய்தது தப்பு. மாலை விஷயத்திலும் பத்து நிமிடம் காத்திருக்கலாம் என்று அப்போதே இவர்கள் வீட்டாரிடம் சொன்னேன். கேட்கவில்லை. இதை உங்களிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். புருஷன் வீட்டை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

குழல்வாய்மொழி

தென்காசி,
11.8.2020

சிவமயம்

தங்கை குழல்வாய்மொழிக்கு அண்ணன் எழுதுவது. நலம். எழுதாததற்குக் காரணம் வேலை. கோபமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

அச்சன்புதூர் மாடத்தியை உனக்கு நினைவிருக்காது. மாடு வைத்துப் பிழைக்கிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. மாதம் ஒருநாள் பஸ்ஸில் வந்து கடை முன்னால் நின்று வாயாலேயே எல்லாச் சாமானையும் சொல்லுவாள். ஒன்று மறக்க மாட்டாள். பஸ் நின்ற பிறகு வரவில்லை. ஆடியில் ஒருநாள் கிதிர் முகம்மது கருப்பட்டி ஏற்ற அந்தப் பக்கம் போனவர், அவள் சொன்னதைத் தன் போனில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அதிலிருந்து அவள் கத்துகிறாள்:

"ஏ அண்ணாச்சி, மாடத்தி பேசுதேன். இருக்கீரா, போய்ச் சேந்துட்டீரா? சூப்பர் மார்க்கெட்டுல எழுதி அனுப்பணுமாம். எழுதத் தெரிஞ்சா நான் ஏன் இங்கன சாணி அள்ளிட்டுக் கெடக்கேன்? கேட்டுக்கிடும். பருத்திக்கொட்டை அஞ்சு கிலோ. சோப்பு செவப்பு. போன தடவ பச்சைய என் தலையில கட்டிட்டீரு, மறக்கல..."

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். கிதிர் முகம்மதுவிடம், "அவளுக்கு இழுப்பு வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும்" என்றேன். போனாள். இழுப்புதான்.

அன்று மாலையே கிதிர் முகம்மதுவின் பழைய போனை விலைக்கு வாங்கிக்கொண்டேன். அமுக்கிப் பிடித்தால் பேசலாம், விட்டால் போய்விடும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று எல்லாரும் இத்தனை மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தினார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் ஊர் எடுப்பதுபோல் நான் எடுக்கவில்லை. கடை வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். 'சாமான் வேண்டியவர் தம் குரலில் சொல்லி அனுப்ப வேண்டும். எழுத்தில் வரும் சிட்டை ஏற்கப்படாது.' வாடிக்கைக்காரர் பேச வேண்டும். நான் கேட்டு, என் குரலில் திருப்பிச் சொல்லுவேன். சரி என்று பதில் வந்த பிறகுதான் எடை போடுவேன். கிதிர் முகம்மது கொண்டுபோய் வைப்பார்.

பால்வண்ணநாதன் வாத்தியார் அழகாக எழுதி அனுப்பினார். திருப்பிவிட்டேன். "எழுத்துல என்னவே தப்பு கண்டீரு?" என்று கடைக்கே சண்டைக்கு வந்துவிட்டார். "தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அது ஒம்ம மருமக எழுதுனது. நீரு சொல்லும்" என்றேன். இப்போது அவர் சாமானோடு சேர்த்து ஊர்க்கதையும் ஐந்து நிமிடம் சொல்லுகிறார்.

அறுபத்து மூன்று வீடு ஆகிவிட்டது. வயதானவர்கள்தான் அதிகம். எழுத்தைத் தட்டத் தெரியாதவர்கள், கண் தெரியாதவர்கள், பேசுவதற்கு ஆள் இல்லாதவர்கள். விஜயசங்கர் பார்த்துவைத்த ஆளுக்குக் கடை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவனுக்கும் குரலிலேயே சொல்லி அனுப்பினேன்.

மாலை விஷயத்தில் நீ எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதப்போவதில்லை.

அட்டையில் உள்ள விதி எல்லாருக்கும் பொது. சொந்தம், அசல் என்று கிடையாது. உன் சிட்டையையும் இனி எழுத்தில் எடுக்கமாட்டேன். நம்பர் கீழே எழுதியிருக்கிறேன்.

சிவசைலம்

குற்றாலம்,
17.8.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவர்கள், "ஒங்கண்ணன் விதி போட்டது ஊருக்கில்ல, ஒனக்கு" என்றார்கள்.

மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலு தடவை பேசி, அனுப்பாமல் அழித்தேன். கடைசியில் முந்தாநாள் காலை பின்கட்டுக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு, கட கடவென்று சொல்லி விட்டுவிட்டேன். என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை.

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். பிறகு வந்தது. இவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

உங்கள் குரல் கொஞ்சம் இளைத்திருக்கிறது அண்ணே. "சுக்கு மூணு கிலோ. சித்தரத்தை ஒண்ணு. மிளகு நீ கேட்ட ரெண்டு கிலோ இல்ல. இருக்குறது ஈரம். புதுச் சரக்கு வெள்ளிக்கிழம வருது, அது வரைக்கும் பொறு. ஈர மிளகுல பொடி பண்ணி எம்பேரக் கெடுக்காத." கடைக்காரர் பேசுகிற மாதிரிதான் பேசினீர்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அமுக்கின விரலை எடுக்கவில்லை நீங்கள். தராசில் தட்டு விழும் சத்தம், யாரோ கருப்பட்டி விலை கேட்கிற சத்தம் எல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு, "ஏட்டி, வேற என்ன வேணும்?" என்றீர்கள்.

பதினோரு வருடம் ஆகிவிட்டது, என்னை அப்படி ஒருவர் கூப்பிட்டு.

பதற்றத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "வேற ஒண்ணும் வேண்டாம்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

குழல்வாய்மொழி

தென்காசி,
18.8.2020

சிவமயம்

தங்கைக்கு, நலம்.

சாமான் கிதிர் முகம்மதுவிடம் கொடுத்திருக்கிறேன். மிளகு மட்டும் வெள்ளிக்கிழமை.

நான் திருப்பிச் சொன்னது வியாபாரம். அதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு ஸ்ரீமதியிடமும் மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நான் சொன்ன சொல் அப்படியேதான் இருக்கிறது.

இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். வேற என்ன வேணும் என்று ஒருவன் கேட்டால், வேண்டாம் என்று பட்டென்று சொல்லி முடித்துவிடக் கூடாது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் தினமும் ஏதாவது ஒன்று தீர்ந்துகொண்டுதான் இருக்கும். காலையில் ஏழு மணிக்குக் கடை திறக்கிறேன். ஒன்பது மணி வரை கூட்டம் இல்லை. நன்றாக யோசித்து, நாளைக்கு ஏதாவது கேள்.

ஒன்றும் தோன்றாவிட்டால் உப்பாவது கேள்.

சிவசைலம்